இடிக்கச் சொன்ன வீடு

தரகர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். பின்னால் வந்த கணவனும் மனைவியும் வாசலில் கழற்றப் போனவர்கள், அவரைப் பார்த்துவிட்டுத் தாங்களும் போட்டுக்கொண்டே நுழைந்தார்கள்.

மூன்று வருடம் பூட்டிக் கிடந்த வீடு. தரையெல்லாம் பல்லிப் புழுக்கை, ஓரங்களில் கரையான் மண். செருப்போடு வருவதுதான் புத்திசாலித்தனம். ஆனாலும் நான் மருமகளாக வலது காலை எடுத்து வைத்த வாசல் அது. மனசுக்குள் ஏதோ நெருடியது.

தரகர் முன்னறைச் சுவரில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினார். தோசை அளவுக்குப் பூச்சு பெயர்ந்து அவர் காலடியில் விழுந்தது.

"பாத்தீகளா சிஸ்டர்? ஓதம் ஏறிப் போச்சு. இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. இடிச்சுத் தரைமட்டமாக்கி மனையாக் குடுத்துருங்க. எடத்துக்குத்தான் வெல, வீட்டுக்கு இல்ல."

அந்த மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்படியை எட்டிப் பார்த்தாள். "பகல்லயே இம்புட்டு இருட்டா இருக்கே" என்று கணவனிடம் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் மூவரும் வெளியே போய்விட்டார்கள். போகிறபோது தரகர் திரும்பி, "இடிக்கிற கூலியையும் வெலையில கழிப்பாக. அதையும் சொல்லிப்புட்டேன்" என்றார்.

விழுந்த பூச்சைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒருபக்கம் பச்சை, மறுபக்கம் உப்புப் பூத்த வெள்ளை. முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவள் நான். "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்பதை டாக்டர்கள் வாயால் கேட்டுப் பழகியிருக்கிறேன். செருப்புக் காலோடு நிற்கும் ஒரு தரகர் வாயால் கேட்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆணிகள்

இந்தத் தொடரில் இதுவரை பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கதைகளாகவே எழுதி வந்திருக்கிறேன். "உங்கள் வீட்டைப் பற்றி எழுதுவதே இல்லையே சிஸ்டர்" என்று சாத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். எழுதாததற்குக் காரணம் உண்டு. அந்த வீட்டில் நான் செய்த ஒரு காரியத்தை எழுத எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

வீடு சிவகாசியில் ஒரு முடுக்குச் சந்துக்குள் இருந்தது. முன்னறை, ஒரு படுக்கையறை, அடுப்படி, பின்னால் தனியாகக் குளியலறையும் கக்கூசும். மேலே தட்டட்டி. மொட்டை மாடியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். என் மாமனார் மிஷன் பள்ளி ஆசிரியர். வாத்தியார் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு.

என் கணவர் அச்சாபீசில் மெஷின்மேன். காலண்டர் சீசன் வந்தால் வீட்டுக்கு வருவதே குளிக்கவும் சாப்பிடவும்தான். வரும்போதெல்லாம் கையில் ஒரு சுருள் இருக்கும். நிறம் சரியாக உட்காராமல் ஒதுக்கிய காலண்டர்கள். சிவப்பு கொஞ்சம் தள்ளி விழுந்ததால் இரண்டு உதடு உள்ள லட்சுமி, மயிலை விட நீலமான முருகன். தூரத்தில் நின்று நிறத்தைப் பார்க்கவேண்டும் என்று சுவரில் மாட்டுவார். மாமனார் சத்தமில்லாமல் வந்து அவற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவார். இவர் மறுபடி திருப்புவார். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அதனால் அந்த வீட்டில் சுவரெல்லாம் ஆணி. மாமனார் காலமாகி, பிறகு மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பில் என் கணவரும் போய்ச் சேர்ந்தபின், நான் வேலை பார்த்த விருதுநகரிலேயே வாடகைக்கு ஒரு வீடு பிடித்துத் தங்கிவிட்டேன். ஓய்வு பெற்றபின் வாடகை கொடுத்தே காலம் தள்ள முடியாது. சிவகாசி வீட்டை விற்றால் விருதுநகரில் சின்னதாக ஒன்று வாங்கலாம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகனும், "நீங்க எது செஞ்சாலும் சரிம்மா, கையெழுத்துக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டான்.

ஆனால் எங்கள் இரண்டு பேர் கையெழுத்து மட்டும் போதாது. மாமனார் உயில் எழுதவில்லை. அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். அந்த மகள், என் நாத்தனார் எஸ்தர், பதினோரு வருடமாக அந்த வாசலை மிதிக்காதவள்.

வாசலில் நின்றவள்

எஸ்தர் பட்டாசு ஆபீசில் சரவெடி பின்னுகிற வேலைக்குப் போனாள். எங்கள் ஊரில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அதே ஆபீசில் பெட்டி ஏற்றும் மாரிமுத்துவை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் நம் சபை இல்லை, நம் ஆட்களும் இல்லை என்று மாமனார் கதவைச் சாத்தினார். தினமும் இரண்டு வேளை முழங்காலில் நின்று ஜெபிக்கிற மனிதர். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கல்லாகிவிட்டார். என் கணவர் அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர்.

ஒரு வருடம் கழித்து, பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எஸ்தர் வந்தாள். நல்ல வெயில் நேரம். "மதினி... மதினி..." என்று கூப்பிட்டாள். அப்பா என்றுகூடக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டாள்.

மாமனார் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் படுக்கையறைக்குள் போய் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் யார் கதவைத் தட்டினாலும் திறக்கிற கை என்னுடையது. அன்றைக்கு அது தாழ்ப்பாளைத் தொடவில்லை. இதைத்தான் இத்தனை வாரம் எழுதாமல் இருந்தேன்.

இப்போது வீட்டை விற்க அவள் கையெழுத்து வேண்டியிருந்தது. தெரிந்த ஒருவர், "தன் பங்கு வேண்டாம்னு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிருங்க. கொஞ்சமாக் குடுத்தாப் போதும். அந்தப் புள்ளைக்கு என்ன தெரியப்போகுது?" என்று யோசனை சொன்னார். உடனே மறுத்தேன் என்று எழுத ஆசைதான். இரண்டு நாள் அதைப் பற்றி யோசித்தேன் என்பதுதான் உண்மை.

மூன்றாம் நாள் அவள் போன் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன்.

"யாரு?"

"நான்தான் எஸ்தர். கிரேஸ் மதினி."

"என்ன, கையெழுத்தா?" என்றாள்.

"கையெழுத்தும்தான். அப்பா வீட்ட இடிச்சுட்டு மனையா விக்கச் சொல்றாரு தரகர். எனக்கு என்னமோ சரி பண்ணிக் காட்டுனா வீடாவே போகும்னு தோணுது. எங்கிட்ட இருக்கிறது ஒரு சீட்டுப் பணம் மட்டும்தான். ஆள் வச்சுச் செய்யக் காணாது. விக்கிறதுல உனக்குப் பாதி. வேலையிலயும் பாதி வேணும்."

"தீவாளி முடிஞ்சு ஆபீஸ் லீவுதான். ஆமத்தூர்ல இருந்து காலையில மொத பஸ்ஸப் பிடிச்சா எட்டு மணிக்கு அங்கன இருப்பேன். சுரண்டுற தகடு இருக்கா?"

"இல்ல."

"நான் கொண்டாறேன்" என்று வைத்துவிட்டாள்.

பந்து

எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தாள். முகம் ஒடுங்கி, காது ஓரத்தில் நரை. வாசலில் ஒரு நொடி நின்றாள். நான் கதவை அகலத் திறந்து வைத்திருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அந்தப் புழுதியில் வெறுங்காலோடு.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"ஆச்சு. எங்கன இருந்து ஆரம்பிக்க?"

ஆணியில் இருந்து ஆரம்பித்தோம். பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டே இருந்தது. பெயிண்ட் டப்பா மூடி நிறைய ஆணி சேர்ந்தது. காலண்டர் தொங்கிய இடங்களில் மட்டும் சுவர் பழைய பச்சையில் சதுரம் சதுரமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் அடுப்புப் புகையும் தூசியும் ஏறிய நிறம்.

முதல் இரண்டு நாள் நாங்கள் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. "அந்த வாரியலை எடு." "வாளியில தண்ணி மாத்தணும்." அவ்வளவுதான். மூன்றாம் நாள் மழை பிடித்தது.

கார்த்திகை மழை. படுக்கையறையில் மூன்று இடத்தில் சொட்டியது. முன்னறையில் சுவரோரமாக ஒரு கோடு போலத் தண்ணீர் இறங்கியது. இரண்டு பேரும் குண்டானையும் வாளியையும் வைத்துவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்நேரம் பார்த்துத் தரகர் வந்தார். குடையை மடக்கிக்கொண்டே மேலே பார்த்தார். "மழை நிக்கட்டும் சிஸ்டர். விரிசல்ல பட்டியப் பூசி மூடி, மேல ஒரு கோட்டிங் பெயிண்ட் இழுத்துருங்க. கோடையில ஆளக் கூட்டிட்டு வாரேன். ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்.

எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. தட்டட்டியைச் சரி செய்யப் போனால் சீட்டுப் பணம் அதிலேயே கரைந்துவிடும். "அவரு சொல்றதும் சரிதானே எஸ்தர்?" என்றேன்.

அவள் வாளித் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு வந்தாள். "இம்மாதிரி வீட்ட யாரு வாங்குவாக மதினி? கார் வச்சிருக்கவகளா வருவாக? நம்மள மாதிரி ஆளுகதான் நகை நட்ட வித்து வருவாக. வந்து ஒரு மழைக்கு வாளிய வச்சுக்கிட்டு நம்மளத் திட்டணுமா? எனக்கு அந்தக் காசு வேண்டாம்."

தரகர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மழை வெறித்ததும் தட்டட்டியில் ஏறினோம். கணுக்கால் அளவு தண்ணீர் குளம் மாதிரி நின்றது. தண்ணீர் வெளியேறுகிற குழாய் வாயில் கையை விட்டு எஸ்தர் நோண்டினாள். வேப்பிலைச் சருகு, காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு, ஒரு பால் பாக்கெட். கடைசியில் முழங்கை வரை விட்டு எதையோ பிடித்து இழுத்தாள். சிவப்புப் பிளாஸ்டிக் பந்து. எந்த வீட்டுப் பிள்ளை எந்த வருடம் அடித்ததோ. பந்து வெளியே வந்ததும் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. கீழே முடுக்கில் போன யாரோ கத்தினார்கள்.

எஸ்தர் கையில் பந்தோடு என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். வீட்டையே இடிக்கச் சொன்ன சங்கதியில் பாதி இந்தப் பந்து.

மீதிப் பாதிக்குக் கொத்தனார் வந்தார். விரிசல்களைக் கொத்தி அகலப்படுத்தி, சிமெண்டு வைத்து அடைத்து, தண்ணீர் நிற்காதபடி குழாயை நோக்கி வாட்டம் விட்டுப் பூசிக்கொடுத்தார். ஒயரிங் வேலைக்கு ஒருவர் வந்து, எலி கடித்த வயரையும் கறுத்துப்போன சுவிட்சுகளையும் மாற்றினார். அதோடு கூலிக்கு ஆள் வைக்கிற சக்தி எங்களுக்குத் தீர்ந்தது. மிச்சமெல்லாம் எங்கள் நாலு கை.

உப்புத்தாள்

புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர்களுக்குத் தெரியும். மேலே மருந்து வைப்பது ஒரு நிமிட வேலை. அழுகினதை எடுத்துச் சுத்தம் செய்வதுதான் வேலை. சுவரும் அப்படித்தான். உதிர்வதையெல்லாம் உதிர்த்து, உப்பைத் தேய்த்து எடுத்து, காயவிட்டு, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டும். இரண்டு பேரும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ஆளுக்கு ஒரு சுவராகப் பிடித்துக்கொண்டோம். கண் இமை வரை வெள்ளை.

அவள் கை வேகத்தைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். விரல் நுனிகளில் மட்டும் தோல் கறுத்துத் தடித்திருந்தது. ஒருபக்கம் காதைச் சாய்த்து வைத்தே வேலை செய்தாள். வலது பக்கம் நின்று பேசினால் பதில் வராது.

"காதுக்கு என்ன?" என்று இடப்பக்கம் வந்து கேட்டேன்.

"போன சீசன்ல அடுத்த ரூம்பு வெடிச்சிருச்சு மதினி. நான் வெளிய தண்ணி குடிக்கப் போயிருந்தேன். அதான் இருக்கேன். அப்ப இருந்து இந்தக் காதுல வண்டு கத்துன மாதிரி ஒரு சத்தம்."

"டாக்டர்ட்ட காட்டுனியா?"

"காட்டுனேன். சத்தம் இல்லாத எடத்துல இருக்கணுமாம்." சிரித்தாள். "பட்டாசு ஆபீஸ்ல சத்தம் இல்லாத எடம்! மறுபடி அந்த ரூம்புக்குள்ள போயி உக்கார என்னால முடியாது. அதிகாரிக ஆய்வு முடிஞ்சு ஆபீஸ் தெறக்கதுக்குள்ள ஒரு வழி பாக்கணும். இவரு லைசென்ஸ் வச்சிருக்காக. பழைய லோடு ஆட்டோ ஒண்ணு வெலைக்கு வருது. அச்சாபீஸ் கட்டுகள ஏத்துனாலே தெனம் வேல இருக்கும். பொங்கல் வரைக்கும் பொறுக்கிறேன்னு அந்த வண்டிக்காரர் சொல்லியிருக்காரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு இந்த வீடு விற்றால் வாடகை மிச்சம். அவளுக்கு அப்படியில்லை.

அவள் அப்பா புழங்கிய படுக்கையறையைத் தான்தான் தேய்ப்பேன் என்று எடுத்துக்கொண்டாள். மாமனாரின் மர அலமாரியை நகர்த்தி, பின்பக்கம் வரை பார்த்தாள். ஒவ்வொரு தட்டிலும் விரித்திருந்த செய்தித்தாளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். என்ன தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. கடைசிக் காலத்தில் மகளுக்கு நாலு வரி எழுதி வைத்திருப்பார், ஒரு போட்டோவையாவது ஒளித்து வைத்திருப்பார் என்று நானும் நினைத்தேன். ஒன்றும் இல்லை. பழைய ஞானப்பாட்டுப் புத்தகம், குடைக் கம்பி, காலாவதியான மாத்திரை. அவ்வளவுதான்.

அவள் செய்தித்தாள்களைச் சுருட்டி வெளியே போட்டுவிட்டு வந்து உப்புத்தாளை எடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அன்னிக்கு நான் பிள்ளையத் தூக்கிட்டு வந்தப்ப நீங்க உள்ளதான இருந்தீக?"

டூட்டிக்குப் போயிருந்தேன் என்று சொல்லலாம். பதினோரு வருடமாக அந்தப் பொய்யை நான் தயாராக வைத்திருந்தேன்.

"ஆமா. உள்ளதான் இருந்தேன். இந்த ஜன்னல்ட்டதான் நின்னேன்."

"தெரியும். திரை ஆடுச்சு."

"மாமாவுக்குப் பயந்துக்கிட்டு நின்னேன் எஸ்தர். தப்புப் பண்ணிட்டேன். எத்தனையோ நாள் வரணும்னு நினைச்சேன். வந்தா என்ன சொல்றதுன்னு தெரியல."

அவள் சுவரைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "நான் அப்பாவத் தேடி வரல மதினி. அவுக தெறக்க மாட்டாகன்னு எனக்குத் தெரியும். பிள்ளைக்கு மேலெல்லாம் காய்ச்சல். நீங்க நர்சாச்சேன்னு வந்தேன்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இது எனக்குத் தெரியாது. இத்தனை வருடமும் ஒரு மகள் அப்பாவைத் தேடி வந்தாள், அது அவர்களுக்குள் உள்ள விஷயம், நாம் குறுக்கே போகவில்லை, அவ்வளவுதான் என்று மனசுக்கு ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். அவள் வந்தது என்னைத் தேடி.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? தர்மாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனேன். சரியாப் போச்சு. இப்ப ஆறாப்புப் படிக்கா." கையை உதறினாள். "எந்திரிங்க மதினி. வெளிச்சம் போறதுக்குள்ள அந்தச் சுவர முடிக்கணும்."

மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் தூக்குச்சட்டியில் இரண்டு பேருக்குச் சோறும் வெஞ்சனமும் கொண்டு வந்தாள். கத்தரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பு. நான் விருதுநகரில் வாங்கி வந்திருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

அதன்பின் வேலை ஓடியது. அடுப்படி இருட்டுக்குக் காரணம் ஜன்னலை மறைத்து அடித்திருந்த பலகை. டப்பா வைக்க நான் அடிக்கச் சொன்னதுதான். அதைக் கழற்றிக் கண்ணாடியைத் துடைத்ததும் பகல் உள்ளே வந்தது. சிவப்புச் சிமெண்டுத் தரையைச் சலவைச் சோடாப் போட்டு மூன்று தடவை உரசிக் கழுவினோம். காய்ந்ததும் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தாள் எஸ்தர். டைல்ஸ் போடவேண்டும் என்று எல்லோரும் சொன்ன தரை அது.

பெயிண்ட் கடை அண்ணாச்சியிடம், யாரோ கலக்கச் சொல்லிவிட்டு நிறம் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்த டப்பாக்கள் கிடந்தன. பாதி விலைக்குத் தந்தார். ஒன்று மாம்பழ மஞ்சள், ஒன்று சந்தனம். இரண்டிலும் வெள்ளையைக் கலந்து கலந்து வெயில் படுகிற ஓலைக் குருத்து மாதிரி ஒரு நிறம் கொண்டுவந்தேன். அச்சாபீசில் நிறம் கலக்கிற என் கணவரோடு இருபத்தைந்து வருடம் குடித்தனம் செய்ததில் எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது.

கடைசியாகப் பின்பக்கம். குளியலறைக்குப் போக மூன்று படி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். இடுப்பு முறிந்து வந்த எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்! மீந்த சிமெண்டில் கொத்தனாரைக் கொண்டு படியை மூடி ஒரு சரிவு போட்டு, வழுக்காதபடி துடைப்பத்தால் கோடு இழுக்கச் சொன்னேன். பழைய தண்ணீர்க் குழாய் ஒன்றைச் சுவரோடு கைப்பிடியாகப் பதித்தோம்.

பார்க்க வந்தவர்கள்

தரகருக்குச் சொல்லி அனுப்பினேன். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். செருப்பைக் கழற்றினார். எஸ்தர் என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

முதலில் வந்த இரண்டு குடும்பம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி வரவில்லை. எஸ்தர் முகத்தில் கவலை தெரிய ஆரம்பித்தது. ஆபீசில் ஆய்வு தொடங்கிவிட்டது என்று மாரிமுத்து வந்து அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவதாக வந்தவர் அச்சாபீசில் பைண்டிங் வேலை பார்க்கும் சரவணன். கூட மனைவி ஜோதி. ஆட்டோவில் சரவணனின் அப்பாவையும் கூட்டி வந்திருந்தார்கள். பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துபோனவர். இரண்டு பேரும் கைத்தாங்கலாக இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

சரவணன் சுவரைத் தட்டிப் பார்த்தார். எஸ்தர் அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லிருறேன். தட்டட்டி ஒழுகுச்சு. கொத்தி எடுத்துச் சரி பண்ணியாச்சு. அப்புறம் ரெண்டு மழைய விட்டுப் பாத்துட்டோம், சொட்டல. ஆனா இந்த வடக்குச் சுவருல ஓதம் இருக்கு. வருசா வருசம் மழைக்குப் பொறவு கொஞ்சம் உப்புப் பூக்கும். தேய்ச்சு அடிச்சுக்கிடணும். அத நாங்க மூடி மறைக்கல."

தரகர் கண்ணை மூடிக்கொண்டார்.

சரவணன் அவளையே பார்த்தார். "ஆறு வீடு பாத்துட்டோம்க்கா. ஒருத்தரும் இப்படிச் சொல்லல" என்றார்.

அதற்குள் பின்பக்கம் ஜோதியின் குரல் கேட்டது. "இங்கன வாங்களேன்!"

போய்ப் பார்த்தால், பெரியவர் எழுந்து வந்திருந்தார். வலது கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து அந்தச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தார். ஜோதி பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். குளியலறை வாசல் வரை தனியாகப் போய், உள்ளே எட்டிப் பார்த்து, மெதுவாகத் திரும்பி நின்றார். நெற்றியில் வியர்வை.

வாய் கோணி, சொல் குழறியது. ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. "இங்கனயே... இருப்போம்."

ஜோதி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ரெண்டு வருசமா நான்தான் தூக்கிட்டுப் போறேன் சிஸ்டர். அவுகளுக்கு அதுதான் பெரிய வெக்கம்" என்று என் காதோடு சொன்னாள்.

விலை பேசினோம். நாங்கள் ஆசைப்பட்டதைவிடக் கொஞ்சம் குறைவு. தரகர் மனைக்குச் சொன்னதைவிட நிறையவே கூட. எஸ்தர் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சரி என்றோம்.

பத்திர ஆபீஸ்

கிறிஸ்துமசுக்குச் சில நாள் முன்னால் பத்திரம். கடைகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கின. என் மகன் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தான். மாரிமுத்து சலவைச் சட்டை போட்டு, ஒரு மஞ்சப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு நாற்காலி கிடைக்கவில்லை என்றதும் எங்கிருந்தோ ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து, "உக்காருங்கக்கா" என்றார். எஸ்தரைக் கட்டிய இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

கையெழுத்துக்கு முன் பத்திரம் எழுதுபவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வேகமாக வாசித்தார். ஊர், வார்டு, நாலு எல்லை. விற்பவர்கள் பெயருக்கு வந்தார். "...காலஞ்சென்ற ஆசிரியர் ஞானமுத்து அவர்களின் மகள் எஸ்தர்..." என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

"அண்ணாச்சி" என்றாள் எஸ்தர். "அந்த வரிய இன்னொருக்கா வாசிங்க."

"ஏன், பேர்ல எதும் பிழையாம்மா?"

"பிழையில்ல. எனக்கு ஒரு காது கேக்காது."

அவர் இந்த முறை நிறுத்தி நிதானமாக, சத்தமாக வாசித்தார். "காலஞ்சென்ற ஆசிரியர் ஞானமுத்து அவர்களின் மகள் எஸ்தர்."

அவர் அவளுடைய இடப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். முதல் தடவையே அவளுக்கு நன்றாகக் கேட்டிருக்கும். அவள் தலையை ஆட்டி, பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

எல்லாம் முடிந்து வெளியே படியில் இறங்கும்போது அவளுடைய போன் அடித்தது. ஆபீஸ் போர்மேன். சத்தமாகப் பேசுகிற மனிதர், எனக்கே கேட்டது. திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கிறது, ஆர்டர் நிறைய வந்திருக்கிறது, வேன் எப்போதும்போல வரும்.

"நான் வரலண்ணே" என்றாள் எஸ்தர்.

மேலுக்குச் சரியில்லையா என்று அவர் கேட்டார்.

"மேலுக்கு நல்லாத்தான் இருக்கு. இனிமே வரல. அவுகளும் வரல." அவர் ஏதோ சொல்ல, கேட்டுக்கொண்டே நின்றாள். "ஆமாண்ணே. யோசிச்சுத்தான் சொல்றேன். உங்க எல்லாருக்கும் கிறிஸ்துமசுக்குப் பலகாரம் குடுத்து விடுறேன்."

போனைப் பைக்குள் போட்டாள். வெயில் ஏறியிருந்தது. எதிர்ப்புறம் பரோட்டாக் கடையில் கல்லில் எண்ணெய் பொரிகிற சத்தம். மாரிமுத்துவும் என் மகனும் முன்னால் போய் இடம் பிடித்துவிட்டுக் கையை ஆட்டிக் கூப்பிட்டார்கள்.

"வாங்க மதினி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். "எனக்குக் கண்ணு மண்ணு தெரியாமப் பசிக்குது."